தறியை நிறுத்தச் சொன்னோம்

சினிமாவைப் பற்றி எழுதுகிற நாங்களெல்லாம் கதையைப் பற்றி எழுதுவோம், நடிப்பைப் பற்றி எழுதுவோம், மிஞ்சிப்போனால் பாட்டைப் பற்றி நாலு வரி எழுதுவோம். வெளிச்சமும் சத்தமும் மெக்கானிக் சமாசாரம் என்பது எங்களுக்குள் இருந்துவரும் சௌகரியமான ஒரு அபிப்பிராயம். காலேஜில் பௌதிகத்தைக் கண்டு பயந்து ஓடியவனாகிய எனக்கு அது இன்னும் அதிக சௌகரியம். தேவிகாபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலுமாக இரண்டு நாள் உட்கார்ந்திருந்த பிறகு அந்தச் சௌகரியம் போய்விட்டது.

போனது ஒரு வீடியோப் படத்துக்காக. நாற்பது நிமிஷம் ஓடக்கூடியது. கைத்தறிப் பட்டு நெசவு நம் கண்ணெதிரே தேய்ந்துகொண்டு வருகிறது, அதற்காக ஏதாவது செய்யவேண்டும் என்று உண்மையாகவே கவலைப்படுகிற ஒரு இளைஞர் எடுத்தார். பெயர் வேண்டாம், நல்ல பிள்ளை. விளக்க உரை எழுதித் தருவதற்கென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆகவே இந்தப் படத்தைப் பற்றி நான் சொல்லப்போகும் குறைகளில் எனக்கும் பங்கு உண்டு என்பதை வாசகர்கள் முதலிலேயே குறித்துக்கொள்ளவேண்டும்.

ஆரணிப் பட்டு என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதில் எத்தனையோ சேலைகள் ஆரணிக்குள் நெய்தவை அல்ல. சுற்றுவட்டாரத்து ஊர்களில், வாசலில் கோலமும் கூடத்தில் தறியுமாக இருக்கிற வீடுகளில் நெய்தவை. தேவிகாபுரம் அப்படிப்பட்ட ஊர். ஒரு பக்கம் பெரியநாயகி அம்மன் கோயிலின் கோபுரம். இன்னொரு பக்கம் கனககிரி மலை, அதன் உச்சியில் சிவன் கோயில். இரண்டுக்கும் நடுவே நெசவுத் தெருக்கள். அந்தத் தெருவில் காலையில் நடந்தால் பேச்சுக் குரலுக்கு முன்னால் தறியின் குரல்தான் காதில் விழுகிறது. எல்லாம் ஒரே சத்தம் என்று முதல் பத்து வீடு வரையில் தோன்றும். பதினோராவது வீட்டில், இல்லை, இது வேறு மாதிரி ஓடுகிறது என்று தெரிய ஆரம்பிக்கும்.

எங்களுக்கு இடம் கொடுத்த பெரியவருக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். டைரக்டரைத் 'தம்பி' என்பார். என்னை 'ஸார்' என்பார். கூடத்துக் குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் அவர் தலைக்கு நேர் மேலே, சற்று இடப்பக்கமாக, கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள். வீட்டுக்குள் மற்ற இடமெல்லாம் அரை இருட்டு. அந்த இரண்டு ஓட்டு வழியாக இறங்குகிற வெளிச்சம் பாவின்மேல் சாய்ந்து விழும். தறியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை பாதி நெய்தபடி இருந்தது. தை முகூர்த்தத்துக்குக் கொடுத்தாகவேண்டிய சேலை.

மயில்கழுத்து என்பது ஒரு சாயத்தின் பெயர் அல்ல. பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். இரண்டும் பின்னிக் கிடக்கையில் வெளிச்சம் எந்தக் கோணத்தில் வருகிறதோ, பார்க்கிறவன் எந்தப் பக்கம் நிற்கிறானோ, அதற்குத் தக்கபடி நீலமாகவும் பச்சையாகவும் புரளும். அதாவது பாதி நிறம் நூலில் இருக்கிறது. மீதிப் பாதி வெளிச்சத்தின் திசையில் இருக்கிறது.

எங்கள் காமிராக்காரர் முதல் காரியமாக அந்தக் கண்ணாடி ஓடுகளுக்குக் கீழே கறுப்புத் துணியைக் கட்டி மறைத்தார்.

அவரைக் கோபித்துப் பயனில்லை. அவர் சொன்ன காரணம் நியாயமானது. சூரியன் ஒரு இடத்தில் நிற்காது. பத்து மணிக்கு எடுத்த துண்டையும் பன்னிரண்டு மணிக்கு எடுத்த துண்டையும் ஒட்டவைத்தால், ஒரே நிமிஷத்தில் நடப்பதாகச் சொல்லும் காரியத்தில் நிழல் குதிக்கும். தவிரவும் பகல் வெளிச்சத்தின் நிறம் வேறு, குண்டு பல்பின் நிறம் வேறு. அவர்கள் கணக்கில் முன்னது 5600, பின்னது 3200. இரண்டையும் கலந்தால் மனிதன் முகத்தில் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள். வீட்டு டியூப் லைட்டோ இந்த நாட்டு மின்சாரத்தில் வினாடிக்கு நூறு தடவை துடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, காமிராவின் வேகத்தைப் பார்த்து வைக்காவிட்டால், படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஆகவே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கொண்டுபோன இரண்டு எல்.ஈ.டி. பலகை விளக்குகளைத் தறிக்கு முன்னால், இரண்டு பக்கமும் ஒன்றொன்றாக நிறுத்தினார். வீடு பளிச்சென்று ஆயிற்று. கல்யாண வீட்டு போட்டோவைப்போல மூலை முடுக்கெல்லாம் தெரிந்தது.

சேலைதான் மயில்கழுத்தாக இல்லை. இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் விழுந்ததும் நிறம் புரள்வதை விட்டுவிட்டு, ஏதோ ஒரு பச்சையாக நின்றுபோயிற்று.

அப்புறம் சத்தம். 'ஐயா, நெய்துகொண்டே உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்றார் டைரக்டர். பெரியவர் சொன்னார். ஒலிப்பதிவு செய்கிற பையன் காதுக் குழாயைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டினான். நாடா பெட்டிக்குப் பெட்டி பாய்கிற சத்தம், அச்சுப் பலகை வந்து அடிக்கிற சத்தம், மேலே ஜக்கார்டு அட்டை புரளுகிற சத்தம். இத்தனைக்கும் நடுவே கிழவரின் மெல்லிய குரல் அகப்படவில்லை. சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கைக் குத்திப் பார்த்தார்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியாகக் குறைந்தால் ஒலியின் அழுத்தம் இரட்டிப்பாகும் என்பது கணக்கு. ஆனால் கணக்குக்குத் தெரியாத ஒன்று, அவர் எங்களுக்காக உடுத்திக்கொண்டிருந்த கஞ்சி போட்ட புதுச் சட்டை. கை நீட்டும்போதெல்லாம் அது மைக்கில் உரசி, காய்ந்த சருகில் நாய் ஓடினமாதிரி கேட்டது.

'தறியை நிறுத்திவிடுங்கள்' என்றோம். 'நெய்கிற மாதிரி கையை மட்டும் ஆட்டுங்கள். நாடா ஓடவேண்டாம்.'

நாற்பத்தைந்து வருஷம் நெய்த மனிதர் அன்றைக்கு நெய்கிறவராக நடித்தார். பாவம், நன்றாக நடிக்கத் தெரியவில்லை. கையை எங்கே நிறுத்துவது என்றுகூட அவருக்கு மறந்துபோயிற்று. பேச்சு முடிந்ததும், சத்தமில்லாத துண்டுகளுக்காக அவரை நிஜமாகவே நெய்யச் சொன்னார்கள். கண்ணுக்கு நேரே இரண்டு விளக்கு. மேலே வழக்கமான வெளிச்சம் இல்லை. பாவில் ஒரு இழை அறுந்தது அவர் கண்ணில் படவில்லை. காமிராவை நிறுத்திய பிறகு கறுப்புத் துணியை அவிழ்த்தபோதுதான் பார்த்தார். நெய்த பட்டில் ஒரு விரல் நீளத்துக்கு மயிரிழைபோலக் கோடு ஓடியிருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, ஊடையை இழை இழையாகப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். இரவு வெகுநேரம் அந்த வேலை நடந்தது. அதைப் படம் எடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யாருக்கும் தோன்றவில்லை. விளக்குகளையெல்லாம் பெட்டியில் வைத்தாகிவிட்டது.

படம் முடிந்தது. டைரக்டருக்கு ஒரு நல்ல எண்ணம், முதலில் அந்த ஊர்க்காரர்களுக்கே போட்டுக் காட்டவேண்டும் என்று. கல்யாண மண்டபம் ஒன்றில் வெள்ளைத் திரை கட்டினார்கள். தறி முதல் தடவையாகத் திரையில் ஓடியதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. தங்களைத் தாங்களே பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று டைரக்டர் என் தொடையைத் தட்டினார். இரண்டாம் தடவை தறி வந்தபோதும் சிரித்தார்கள். மூன்றாம் தடவை சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் பெரியவரிடம் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: 'எல்லாம் நல்லாத்தான் இருக்குது ஸார். ஆனா அது என் தறி இல்ல. அது பவர்லூம் ஸார்.'

சென்னையில் படத்தைக் கோத்தபோது, ஊமையாக எடுத்த துண்டுகளுக்குத் தறிச் சத்தம் வேண்டியிருந்தது. சேமித்து வைத்திருந்த சத்தங்களிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் யாருடைய காதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விசைத்தறியோடு போட்டியிட முடியாமல் கைத்தறி மூச்சுத் திணறுகிறது என்று என் விளக்க உரை உருகுகிறது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி 1985-இல் மத்திய சர்க்கார் சட்டம் போட்டதையும், அந்தச் சட்டம் ஏட்டோடு நின்றுவிடுவதையும் எடுத்துச் சொல்கிறது. அதே சமயத்தில் படத்தில் ஓடுகிற தறி, விசைத்தறியின் குரலில் பேசுகிறது!

இது எங்கள் ஒரு படத்தின் அசட்டுத்தனம் மட்டும்தானா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றுதான் படுகிறது. தமிழ் சினிமா வெளியூருக்குப் போகும்போது கண்ணை எடுத்துக்கொண்டு போயிற்று. காதைக் கோடம்பாக்கத்திலேயே விட்டுவிட்டுப் போயிற்று.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1930-களின் ஆரம்பத்தில், மதராஸில் டாக்கி எடுக்கத் தொடங்கிய காலத்தில், சூரிய வெளிச்சத்தை நம்பித் திறந்த வெளியில்தான் எடுத்தார்கள். பேச்சும் பாட்டும் அங்கேயே, அப்போதே பதிவாகும். மேகம் வந்தால் வேலை நிற்கும். காக்கை கரைந்தால் பாட்டு கெடும். காக்கை ஓட்டுவதற்கென்றே ஆள் வைத்திருந்த கதைகளைப் பழைய சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. பிறகு வெளிச்சத்தையும் சத்தத்தையும் கைக்குள் கொண்டுவருவதற்காகச் சுவர் எழுப்பி உள்ளே போனார்கள். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. எல்லாம் அட்டையாகவும் இருந்தது. அதில் சலித்துப்போய்த்தான் 1977-இல் 'பதினாறு வயதினிலே' வந்தபோது ஜனங்கள் அப்படிக் கொண்டாடினார்கள். நிஜமான மண், நிஜமான மரம், நிஜமான வெயில். ஆனால் வெளியே தூக்கிக்கொண்டு போவதற்கு வசதியான இலேசான காமிராக்கள் தையல் மெஷினைப்போலச் சத்தம் போடுகிறவை. பக்கத்தில் மைக்கை வைத்துப் பயனில்லை. ஆகவே பேச்சையெல்லாம் பின்னால் சென்னையில் இருட்டு அறையில் பேசி ஒட்டுவது என்று ஏற்பட்டது. முதலில் வேறு வழியில்லாமல் செய்தது, பிறகு வழக்கமாயிற்று. காமிராவின் சத்தம் அடங்கிப்போன பிறகும் வழக்கம் அடங்கவில்லை. கிராமத்தின் முகத்தைப் பார்த்துப் பரவசப்பட்ட நாம், அதன் குரலைக் கேட்டதே இல்லை. அங்கே குருவி கூவுவதும் கதவு கிறீச்சிடுவதும் மாட்டு மணி அசைவதும் ஒரு மனிதர் ஒலிக்கூடத்தில் உட்கார்ந்து செய்ததே.

வெளிச்சத்தைப் பொறுத்தமட்டில் நம்மவர்கள் பெரிய காரியம் செய்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விடுவது தர்மம் அல்ல. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் கட்டி முடியாத வீட்டை முதியவர் தனியாகப் பார்க்க வருகிறார். சொக்கலிங்க பாகவதர். ஜன்னல் இன்னும் ஜன்னலாகாமல் ஓட்டையாக இருக்கிற இடங்களின் வழியே பகல் உள்ளே வருகிறது. அந்த வெளிச்சம் அந்த வீட்டின் வெளிச்சம், வேறெங்கும் கிடைக்காது. அந்த மனுஷர் சுவரைத் தொடும்போது நமக்கும் சுவர் படுகிறது.

நெசவாளரைப் பற்றித் தமிழில் வந்த பெரிய படம் பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' (2008). அதுவே 2007-ஆம் வருஷத்துக்குரிய சிறந்த படமென்று தேசிய விருது பெற்றது. பிரகாஷ்ராஜுக்கும் நடிப்புக்காக விருது கிடைத்தது. மகள் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை தருவேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி, முதலாளியின் பட்டு நூலைச் சிறுகச் சிறுக வாய்க்குள் மறைத்துக் கடத்தி வந்து, இரகசியமாக நெய்கிறான். வாயில் நூலை அடக்கிக்கொண்டு பேச முடியாமல் நடந்துபோகிற மனிதன்! இது கண்ணுக்கான கற்பனை மட்டும் அல்ல, காதுக்கான கற்பனை. திருவின் ஒளிப்பதிவில் விளக்கொளியும் மழையும் கண்ணை நிறைக்கின்றன. ஆனால் எனக்கு ஒரு குறை. இரகசியமாக நெய்ய முடியாத ஒரு சாதனம் உண்டென்றால் அது தறிதான். தேவிகாபுரத்தில் நாலு வீடு தள்ளி எந்தத் தறி நின்றிருக்கிறது என்று காதாலேயே சொல்கிறார்கள். இராத்திரியில் திருட்டுத் தறி ஓட்டுகிறவனுக்கு ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழவேண்டாமா? பக்கத்து வீட்டான் புரண்டு படுப்பது கேட்கவேண்டாமா? அந்தப் பயம் என் கண்ணுக்குக் கிட்டிய அளவு என் காதுக்குக் கிட்டவில்லை. முதல் தடவை பார்த்தபோது இந்தக் குறை எனக்குத் தெரியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்போது நான் தறியைக் கேட்டவனில்லை.

நேரே ஸ்தலத்திலேயே பேச்சைப் பதிவு செய்யும் முயற்சி தமிழில் அறவே இல்லை என்று சொல்லமுடியாது. 'ஹே ராம்' (2000), 'விருமாண்டி' (2004) இரண்டிலும் கமல்ஹாசன் அதைச் செய்தார். சமீபத்தில் பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024) பின்னணி இசையே இல்லாமல் வந்தது. கதாநாயகி ஏறத்தாழப் பேசுவதே இல்லை. அவளைச் சுற்றி ஆட்டோ இரைகிறது, சேவல் கத்துகிறது, ஆண்கள் இரைகிறார்கள். இத்தனை சத்தமும் நிஜமாக இருப்பதனால்தான் அவளுடைய மௌனம் மௌனமாகக் கேட்கிறது. தியேட்டரில் எனக்குப் பின்னால் இருந்தவர் 'மியூசிக் போட மறந்துட்டாங்களா?' என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. ஐம்பது வருஷமாக அவருக்கு நாம் கொடுத்த பழக்கம்.

டைரக்டரைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள உத்தேசிக்கவில்லை. என்னுடைய நாவல் ஒன்றில் ஒரு நெசவுக் குடும்பம் வருகிறது. 'தடக் தடக் என்று தறி ஓடிக்கொண்டிருந்தது' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான். அந்தத் தடக் தடக்கை எங்கேயிருந்து எடுத்தேன்? வேறு யாரோ எழுதியதிலிருந்துதான். நானும் சேமிப்பிலிருந்து சத்தம் போட்டவனே. எந்த வாசகரும் கண்டுபிடித்து எழுதவில்லை. தேவிகாபுரத்தில் அந்த நாவலைப் படித்தவர்கள் இருந்தால் சிரித்திருப்பார்கள்.

பொங்கல் கழிந்து டைரக்டர் மறுபடியும் என் வீட்டுக்கு வந்தார். தூங்கவில்லை என்றார். படத்தை வெளியே காட்டுவதை நிறுத்திவைத்துவிட்டு, இன்னொரு தடவை தேவிகாபுரம் போகப் போவதாகச் சொன்னார். இந்தத் தடவை பலகை விளக்குகள் இல்லை. ஒலிப்பதிவுப் பையன், காமிராக்காரர், நான்.

போகிற வழியில் காமிராக்காரர் ஒரு விஷயம் சொன்னார். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் கட்டினார்களாம். மேலே வானம் திறந்த முற்றத்தில் விழுகிற நிழலில்லாத வெளிச்சத்தை ஸ்டூடியோ விளக்கில் எப்படிக் கொண்டுவருவது? சுப்ரதோ மித்ரா முற்றத்துக்கு மேலே துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் தெறித்த வெளிச்சம் ஆகாயத்து வெளிச்சமாகிவிட்டது. 'இது எனக்குப் போன தடவையும் தெரியும் ஸார்' என்றார் காமிராக்காரர். 'அவசரம்.'

பெரியவர் வீட்டில் புதுப் பாவு பிணைத்திருந்தது. மயில்கழுத்துச் சேலை முகூர்த்தத்துக்குப் போய்விட்டது. இப்போது அரக்கு. ஆகையால் இப்போது எடுப்பதையும் அப்போது எடுத்ததையும் ஒட்டமுடியாது. பாதிப் படம் மறுபடியும் எடுக்கவேண்டும். டைரக்டர் சரி என்றார். கண்ணாடி ஓட்டை மறைக்கவில்லை. அதன் வெளிச்சம் விழாத பக்கத்தில், தறிக்கு எட்டாத தூரத்தில், பெரியவரின் வெள்ளை வேஷ்டி ஒன்றையே கொடியில் விரித்துத் தொங்கவிட்டார் காமிராக்காரர். பாவில் பட்ட வெளிச்சம் அந்த வேஷ்டிக்குப் போய் அவர் கன்னத்துக்குத் திரும்பி வந்தது. இருட்டாக இருந்த மூலைகள் இருட்டாகவே இருந்தன. சூரியன் நகர்ந்தால் நகரட்டும், அந்தந்த நேரத்துக்கு என்ன வேலையோ அதை அந்தந்த நேரத்தில் எடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். நிழல் குதிக்கிற தொல்லை பாதி தீர்ந்தது, மீதியைச் சகித்துக்கொண்டோம்.

பேச்சைத் தனியாக, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, தறி ஓய்ந்திருக்கும்போது, பழைய பனியனோடு திண்ணையில் உட்கார வைத்துப் பதிவு செய்தான் பையன். பேசுகிறவரின் உதடு அசைவதைக் காட்டியே தீரவேண்டும் என்கிற பைத்தியம் இந்தத் தடவை எங்களுக்கு இல்லை. மறுநாள் காலையில் காமிராவையே வெளியில் வைத்துவிட்டு, தறியை மட்டும் பதிவு செய்தான். மின்விசிறியை நிறுத்தினோம். கோயில் ஒலிபெருக்கி ஓயும்வரை காத்திருந்தோம். ஒரு மைக் நாடா ஓடுகிற பக்கம், ஒன்று குழிக்குள், மிதியின் பக்கத்தில், ஒன்று தெருவாசலில். கடைசியாக யாரையும் அசையவேண்டாம் என்று சொல்லி, வெறும் வீட்டை ஒரு நிமிஷம் பதிவு செய்தான். சத்தமில்லாத வீட்டுக்கும் ஒரு சத்தம் உண்டாம். இரண்டு துண்டுகளுக்கு நடுவே நிரப்ப அது வேண்டுமாம். அந்த ஒரு நிமிஷத்தில் எங்கேயோ நாலு வீட்டுக்கு அப்பால் ராட்டை சுற்றுவது எனக்குக் கேட்டது.

முடிந்ததும் காதுக் குழாயைப் பெரியவருக்கு மாட்டி, பதிவானதைப் போட்டுக் காட்டினான். அவர் குழியில் கால் தொங்கவிட்டபடி, நின்றிருக்கிற தறியின் முன்னால் உட்கார்ந்து கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அவருடைய வலது கை மெதுவாகப் பக்கத்துக் கூடைக்குப் போய் ஒரு தாரை எடுத்தது. எடுத்த பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. தாரைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

'ஊடை தீரப்போவுது ஸார்' என்றார்.